எண்ணெய்ப் பெட்டி அட்டையும் ஏழு தூண் பாலமும்

லம்பாரே,
மார்ச் 9, திங்கள் மதியம்.

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய தாச்சோ மாமாவுக்கு,

உங்கள் தங்கை மகள் யானினா எழுதுவது. முதலில் உங்கள் ஆசியைக் கேட்டுக்கொள்கிறேன். மாமாவிடம் ஆசி கேட்கும்போது இரண்டு கையையும் கூப்ப வேண்டும் என்று அம்மா பக்கத்திலிருந்து சொன்னாள். கூப்பினேன். அப்படியே எழுத வரவில்லை என்பதால் வலது கையை மட்டும் எடுத்துக்கொண்டேன், இடது கை இன்னும் நெஞ்சருகில்தான் இருக்கிறது. இங்கே நாங்கள் சுகம். அம்மாவின் இடது முழங்கால் சுகமில்லை, அட்டைப்பெட்டி ஏற்றி வரும் தள்ளுவண்டியின் இடது சக்கரமும் சுகமில்லை. இரண்டும் ஒரே பக்கம் என்பதால் வண்டியும் அம்மாவும் ஒரே மாதிரி சாய்ந்து போகிறார்கள், பார்க்க ஒற்றுமையாக இருக்கிறது. புவெனஸ் ஐரஸில் குளிர் ஆரம்பித்துவிட்டதா, சாரத்தில் ஏறும்போது இடுப்பில் கயிறு கட்டிக்கொள்கிறீர்களா என்று அம்மா கேட்கச் சொன்னாள். இரண்டாவது கேள்விக்கு "ஆமாம்" என்று மட்டும்தான் பதில் வர வேண்டுமாம்.

உங்கள் நாவலைப் பற்றி மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று போனில் சொல்லாமல் கடிதமாக எழுது என்றீர்கள். போனில் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள், எழுதும்போதுதான் பொய் சொல்லக் கை கூசும் என்றீர்கள். எழுதியதை அடிக்கவும் கூடாது, அடித்தால் எதையோ மறைத்த மாதிரி இருக்கும் என்றீர்கள். மூன்று பேருடைய அபிப்பிராயம் போதும், வீட்டு ஆட்கள் சேர்த்தி இல்லை என்றீர்கள். அந்த மூன்று பேரும் கடைசிப் பக்கம் வரை போயிருந்தால் இரண்டாம் பாகம் எழுதுவீர்கள், இல்லையென்றால் அதற்காக வாங்கி வைத்த இருநூறு பக்க நோட்டை வீட்டுக்காரரின் பேத்திக்குப் படம் வரையக் கொடுத்துவிடுவீர்கள். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி என் முன்னால் ஒட்டி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். பன்னிரண்டு வருஷம் சாந்துக்கரண்டி பிடித்த கையால் ராத்திரியெல்லாம் எழுதிய புத்தகம், அதன் தலையெழுத்து என் கடிதத்தில் இருக்கிறது என்று நினைத்தால் பேனா வழுக்குகிறது. நேற்றிலிருந்து அனல் மாதிரி வடக்குக் காற்று வேறு. கை வியர்க்கிறது.

கடைசியில் கேட்டிருந்தீர்கள், "அட்டை எப்படி இருக்கிறது என்கிறார்கள்?" என்று. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பெரும்பாலும் அதைப் பற்றித்தான் பேசினார்கள். பெரும்பாலும் என்ன, அதைப் பற்றி மட்டும்தான்.

நீங்கள் அட்டைக்காக அனுப்பிய வரைபடம் பத்திரமாக வந்து சேர்ந்தது. கட்டம் போட்ட தாளில் ஏழு தூண், தூணுக்குத் தூண் இடைவெளி, தண்ணீர் மட்டம், ஓரத்தில் "சாம்பல் நிறம், வேறு நிறம் வேண்டாம்" என்ற குறிப்பு. அதை வைத்தே நிஜப் பாலம் கட்டிவிடலாம். நாங்கள்தான் அதை வைத்துப் புத்தகம் கட்டவில்லை. மாமா, எங்கள் பட்டறையில் ஒரே மாதிரி இரண்டு அட்டை போட மாட்டோம். அம்மா கடை கடையாகப் போய் வாங்கி வரும் அட்டைப்பெட்டியை வெட்டி, ஆளுக்கொரு தூரிகை எடுத்து, ஒவ்வொன்றாக வரைந்து, நூல் போட்டுத் தைப்பதுதான் எங்கள் வழக்கம். ஐம்பத்திரண்டு புத்தகம் என்றால் ஐம்பத்திரண்டு அட்டை. உங்களுக்கு இது தெரியும் என்று நாங்கள் நினைத்துவிட்டோம். வரைபடத்தைச் சுவரில் மாட்டிவிட்டு எல்லோரும் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் வரைந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தும் சில பாலங்களுக்கு ஒன்பது தூண் வந்துவிட்டது. ஒன்று பச்சை. ஒன்றில் தண்ணீர் பாலத்துக்கு மேலே ஓடுகிறது.

அடுத்தது என் தப்பு, வேறு யாரையும் சொல்ல முடியாது. பெட்டியின் வெறும் பக்கத்தை வெளியே வைத்து அதில் படம் வரைவோம். கடைக்காரர் அச்சடித்த பக்கம் உள்ளே போகும், அதன்மேல் வெள்ளைத் தாள் ஒட்டி மறைப்போம். இந்த முறை நான்தான் மறைக்க வேண்டாம் என்றேன். புத்தகம் எதிலிருந்து பிறந்ததோ அது தெரிய வேண்டும், அதுதான் நேர்மை என்று பல்கலைக்கழகத்தில் ஒரு வகுப்பில் சொன்னார்கள். நம் குடும்பத்திலிருந்து அந்த மாதிரி வகுப்பில் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான் என்பதால் அதை எங்கேயாவது பயன்படுத்த வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. அம்மா தூரிகையைக் கீழே வைக்காமலே கேட்டாள், "தாளு மிச்சம் பண்ணலாம்னு சொல்லித் தர்றதுக்கா அஞ்சு வருஷம் படிக்க வச்சாங்க?" நான் அடுத்த பெட்டியை வெட்டப் போய்விட்டேன். நின்று பதில் யோசித்திருந்தால் ஒருவேளை மனசு மாறியிருப்பேன்.

வெளியீடு போன மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து மாதா கோயில் கூடத்தில். மேசையில் ஐம்பத்தோரு புத்தகத்தையும் பாலம் தெரியும்படி அடுக்கினேன் (ஐம்பத்திரண்டாவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்). உங்களைப் பற்றி நான்கு வரி பேச மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் மளிகைக்கடை தெயோலிந்தா அக்கா மேசைக்கு வந்து ஒன்றைக் கையில் எடுத்தாள். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திறந்தாள், உட்பக்கத்தைப் பார்த்தாள், மூக்கிலிருந்த கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"இது என் எண்ணெய்ப் பெட்டிடி."

"ஆமாக்கா, அம்மா உங்க கடையில வாங்கினதுதான்."

"பாரு, என் கையெழுத்து. நீல மார்க்கர்ல 'பின் அறை'ன்னு எழுதியிருக்கேன். நான் எழுதினது புத்தகத்துல வந்திருக்கு."

அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டாள், மாமா. அதற்கப்புறம் வரிசையாவது ஒன்றாவது, கூடத்தில் இருந்த அத்தனை பேரும் மேசையைச் சுற்றி நின்று அவரவர் பெட்டியைத் தேட ஆரம்பித்தார்கள், செருப்புக்கடைக்காரர் செருப்புப்பெட்டியைக் கேட்கிறார், மருந்துக்கடைப் பெண் பேதி மருந்துப் பெட்டி மட்டும் யார் கைக்கும் போகக் கூடாது என்று மூன்று புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள், கோழிக்குஞ்சுப் பெட்டியில் வந்ததை வாங்கியவர் மூச்சுவிட ஓட்டை இருக்கிறதே என்று விரலை விட்டு விட்டுப் பார்க்கிறார், பாலம் போட்ட முன்பக்கமெல்லாம் கவிழ்ந்து கிடக்கிறது. இருபது நிமிஷத்தில் நாற்பத்து நான்கு போய்விட்டது. அன்று மாலை வரை நான் அதை இலக்கிய ஆர்வம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களுக்குப் போனில் "நல்ல வரவேற்பு" என்று சொன்னது அந்த மாலையில்தான். அது பொய்யில்லை. ஆனால் பெட்டிகளுக்குக் கிடைத்த வரவேற்பு.

ஃபாதர் சில்வானோ முதல் பக்கத்தை வாசித்துக் காட்டுவதாக ஏற்பாடு. மிச்சமிருந்ததில் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு படியில் ஏறி நின்று, முன்னட்டையைப் பின்னால் மடக்கிப் பிடித்து, படகுக்காரன் லாசாரோ விடியலில் ஆற்றங்கரையில் துடுப்பைக் கழுவும் இடத்தை நல்ல குரலில் வாசித்தார். எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் மடக்கிய அட்டையின் உட்பக்கம்: "கரும்புச் சாராயம், மூன்று வருடம் ஊறியது, பன்னிரண்டு பாட்டில்." முன்வரிசை சிரிப்பை அடக்கிக் குலுங்கியது. தன் வாசிப்பு அவர்களை அசைத்துவிட்டது என்று நினைத்து அவர் இரண்டாம் பக்கத்துக்கும் போனார். முடித்த பிறகு நான்தான் காதருகில் போய்ச் சொன்னேன். அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூணு வருஷம்தானா?" என்றார். ஒரு வாரம் கழித்து அபிப்பிராயம் கேட்கப் போனேன். "அட்டை உறுதியா இருக்கு யானினா. இந்தப் புழுக்கத்துலயும் வளையல" என்றார். பூசை உடுப்பு வைக்கும் அறை ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார். உள்ளே படித்தீர்களா என்று கேட்டேன். ஜன்னலைப் பார்த்தார். காற்று வரும் ஜன்னல் அது ஒன்றுதான், எடுத்தால் மூடிக்கொள்ளும் என்றார். ஆக, அவர் இரண்டு பக்கம்.

அடுத்து கறிக்கடை வில்ஃப்ரீதோ. அவர் முன்பக்கத்தைப் பார்த்த ஒரே ஆள், அதனால் எனக்கு நம்பிக்கை வந்தது. உங்கள் பாலத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்து, "விலா எலும்பு நல்லா வந்திருக்கு. ஆனா மாட்டுக்கு ஒரு பக்கம் பதிமூணு இருக்கணும், இதுல ஏழுதான்" என்றார். நான் திருத்தவில்லை. புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்திருக்கிறார். அவர் மனைவி சிரீலா அக்கா திறந்திருக்கிறாள். உட்பக்கத்தில் மின் அடுப்புப் பெட்டியின் படம், அதன்மேல் கடைக்காரர்கள் ஒட்டிய சீட்டு, நான் பிய்க்க மறந்தது: பெறுபவர் பெயர் வில்ஃப்ரீதோ, விலாசம் இரண்டு தெரு தள்ளி. மறுநாள் காலையில் அவள் பட்டறைக்கு வந்தாள். சண்டை போடுவாள் என்று அம்மா தெரெரே குடிக்கும் குவளையை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். அவள் சத்தமே போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"யானி, எங்க வீட்ல இருக்கறது பழைய கரியடுப்பு. சரியா?"

"சரிக்கா."

"அப்ப இந்த அடுப்புல எவ சமைக்கிறா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அவள் அந்த விலாசத்துக்கே போயிருக்கிறாள். அது வில்ஃப்ரீதோவின் அக்கா வீடு. ஏப்ரலில் சிரீலா அக்காவின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு என்று வாங்கி, அங்கே கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருக்கிறார் மனுஷர். பெட்டியோடு வைத்தால் கட்டிலுக்கடியில் நுழையாது என்று பெட்டியை மட்டும் வெளியே போட்டிருக்கிறார்கள், அதை அம்மா எடுத்து வந்திருக்கிறாள். இப்போது வில்ஃப்ரீதோ எனக்குக் கறி நிறுக்கும்போது முகத்தைப் பார்ப்பதில்லை. அபிப்பிராயம் கேட்டதற்கு, "அட்டைன்னா கொஞ்சம் அடக்கமா இருக்கணும். எல்லாத்தையும் மொதல்லயே சொல்லிடக் கூடாது" என்றார். இது உங்கள் புத்தகத்தைப் பற்றி வந்ததிலேயே விமர்சனம் மாதிரி இருந்தது என்பதால் அப்படியே எழுதியிருக்கிறேன். சிரீலா அக்காவின் அபிப்பிராயம், "இதுக்கு முன்னால எந்த நாவலும் எனக்கு அடுப்பு குடுத்ததில்லை." படித்தீர்களா என்றதற்கு, புது அடுப்பில் சீபா ரொட்டி சுட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன், கை ஒழியவில்லை என்றாள். இந்தப் பொட்டலத்தில் இருக்கும் சீபா அவள் கொடுத்ததுதான். அடிப்பக்கம் கருகியதைச் சுரண்டிவிட்டுச் சாப்பிடுங்கள்.

மூன்றாவதாக ஒருவர் வேண்டுமே என்று கிரிசாந்தோ ஐயா வீட்டுக்குப் போனேன். சுங்கத்துறையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பொறுமையாகப் படிப்பார் என்று எதிர்பார்த்தேன். புத்தகம் அலமாரியில் தலைகீழாக நின்றது. கேட்டேன். "அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுதோ அந்தப் பக்கம்தான் மேல" என்று உட்பக்கத்தைத் திறந்து காட்டினார், நாங்கள் அட்டையைத் திருப்பித் தைத்திருக்கிறோம். பிறகு ஒரு தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, எழுதியே வைத்திருந்தார்: "அட்டையில் அறிவிக்கப்பட்ட பொருள்: பதப்படுத்திய பீச் பழம், இருபத்து நான்கு டின். உள்ளே காணப்பட்ட பொருள்: நாவல், ஒன்று. அறிவிப்பும் பொருளும் ஒத்துப்போகவில்லை." நாவல் எப்படி இருக்கிறது ஐயா என்று கேட்டேன். "பிரிச்சுப் பார்க்கற அதிகாரம் எனக்கு இப்ப இல்லம்மா. ஓய்வு பெத்தாச்சு" என்றார். தாளை இதோடு இணைத்திருக்கிறேன். நல்ல கையெழுத்து.

தெயோலிந்தா அக்காவிடம் நான் கேட்கவே இல்லை. கேட்கத் தேவைப்படவில்லை, தினமும் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. உங்கள் புத்தகத்தை மரவள்ளி மாவு டின்னுக்கு மூடியாக வைத்திருக்கிறாள். எண்ணெய்ப் பெட்டி அட்டை என்பதால் ஈரம் ஏறாதாம். ஒவ்வொரு முறை போகும்போதும் புத்தகத்தின் நடுவில் ஒரு வெங்காயச் சருகு நீட்டிக்கொண்டிருக்கும். போன வாரம் கொஞ்சம் முன்னால் இருந்தது, இந்த வாரம் கொஞ்சம் பின்னால். அந்தக் கடையில் எதைத் தூக்கினாலும் வெங்காயச் சருகுதான். பார்க்கக் கஷ்டமாக இருந்ததால் இப்போதெல்லாம் அந்த டின் பக்கம் திரும்பாமலே சாமான் கேட்கிறேன்.

மாமா, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று பேரைக் கேட்டேன், நான்கு பேர் பதில் சொன்னார்கள், ஒருவரும் கடைசிப் பக்கத்துக்குப் போகவில்லை. தப்பு உங்கள் கதையில் இல்லை, நான் மறைக்காமல் விட்ட பெட்டியில் இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்டது யார் தப்பு என்றில்லை. உங்களிடம் பொய் எழுத எனக்கு வரவில்லை. நோட்டை வீட்டுக்காரரின் பேத்திக்குக் கொடுத்துவிடுங்கள். முதல் பக்கத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அந்தத் தாளை மட்டும் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு ஆட்கள் சேர்த்தி இல்லை என்றதால், பாலம் திறந்த அன்று ரொசெந்தா லாசாரோவைத் திரும்பிப் பார்க்காமல் நடந்து போகும் இடத்தைத் தட்டச்சு செய்தபோது நான் இரண்டு முறை எழுந்து போய் முகம் கழுவினேன் என்பதை இங்கே எழுதவில்லை.

ஐம்பத்திரண்டாவது புத்தகம் உங்களுக்கு. இந்தப் பொட்டலத்தில் சீபாவுக்கு அடியில் இருக்கிறது. அட்டை அம்மா வரைந்தது. நாங்கள் வரைந்துகொண்டிருக்கும்போது நான் கதையைச் சத்தமாக வாசிப்பேன், அம்மாவுக்கு எழுத்து தெரியாதல்லவா, அப்படித்தான் முழுக்கக் கேட்டாள். அதே ரொசெந்தா இடம் வந்தபோது அவள் தூரிகை நான்காவது தூணில் நின்றது. மேற்கொண்டு வரையவில்லை. அப்படியே தைத்துவிட்டோம், அதனால் உங்கள் பாலம் ஆற்றின் நடுவில் நிற்கிறது. மீதியை என்ன செய்வது என்று கேட்டேன். "கொத்தனாருக்கு நான் ஏன் பாலம் கட்டித் தரணும்? அவன் வந்து மீதியைக் கட்டட்டும்" என்றாள்.

கயிற்றை மறக்க வேண்டாம். நீங்கள் அங்கிருந்து தரும் ஆசி பேருந்தில் வந்து சேர நாளாகும் என்பதால் அதற்குள் நன்றாக நடந்துகொள்கிறேன். அம்மாவின் அன்பும், ஒன்பது தூண் வரைந்த என் தோழிகளின் மன்னிப்பும் இதோடு வருகின்றன.

தங்கள் பணிவுள்ள மருமகள்,
யானினா

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதியதை அடிக்கக் கூடாது என்பது உங்கள் நிபந்தனை, திருப்பி எழுதவும் நேரமில்லை, பேருந்துக்காரர் ஐந்து மணிக்குப் பொட்டலத்தை வாங்கிக்கொள்வார். அதனால் மேலே இருப்பதைப் படித்துவிட்டு நம்பாமல் விட்டுவிடுங்கள். பொட்டலத்தை ஒட்ட டேப் வாங்கலாம் என்று இப்போது தெயோலிந்தா அக்கா கடைக்குப் போனேன். மதியத் தூக்க நேரம், கடை பாதி சாத்தியிருந்தது, உள்ளே பேச்சுச் சத்தம். தள்ளிக்கொண்டு போனால் எண்ணெய் டின்மேல் கிரிசாந்தோ ஐயா, மூட்டைமேல் சிரீலா அக்கா, நடுவில் தெயோலிந்தா அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டு உங்கள் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கிறாள். தினம் ஒரு அத்தியாயம் வாசிக்கிறாளாம். நிறுத்திய இடத்தில் வெங்காயச் சருகு வைக்கிறாளாம். இன்று முடித்திருக்கிறார்கள். கிரிசாந்தோ ஐயா என்னைப் பார்த்ததும் எழுந்து, "நான் பிரிக்கல. பிரிச்சது அவங்க. நான் கேட்டேன், அவ்வளவுதான்" என்றார். மூன்று வாரமாகத் தினம் ஒரு மெழுகுவர்த்தி வாங்குகிற சாக்கில் வந்திருக்கிறார்.

"நல்ல நேரத்துல வந்தே. உன் மாமாவை வரச் சொல்லு, நேர்ல பதில் சொல்லணும்" என்றாள் தெயோலிந்தா அக்கா.

"எதுக்குக்கா?"

"நூத்தி முப்பத்தாறாம் பக்கம். ரொசெந்தா திரும்பிப் பார்க்காம போறா. சரி, போகட்டும். இந்த லாசாரோ ஏன் கரையிலயே நிக்கறான்? பதினாலு வருஷம் ஊரையே அக்கரைக்குக் கொண்டுபோய் விட்டவன், நூறு அடி நடந்து போய் 'ஏன் போறே'ன்னு கேட்க மாட்டானா?"

"அவனுக்குப் பாலத்துல நடக்கத் தெரியாது, பாவம்," என்றாள் சிரீலா அக்கா, "படகுல போய்த்தான் பழக்கம். நான் அப்பவே சொன்னேன்."

"நீ உன் அடுப்பைப் பாரு. காலையில இவ ரெண்டு லிட்டர் எண்ணெய் கேட்டா, நாலு லிட்டர் ஊத்திட்டேன், அந்த லாசாரோ நெனப்புலயே. அவன் போய்க் கேட்கணும் யானி. எழுதச் சொல்லு. இல்லன்னா உங்க அம்மாவுக்கு இனிமே என் கடையிலேர்ந்து ஒரு பெட்டி கிடையாது."

சொல்லிவிட்டு என்னைப் பின் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். சுவரோரமாக எண்ணெய்ப் பெட்டிகள், பிரித்துத் தட்டையாக்கி, என் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. மேலே இருந்த பெட்டியில் நீல மார்க்கரில் பெரிதாக எழுதியிருந்தது: "இரண்டாம் பாகம். யாரும் தொடக் கூடாது."